ஞாயிற்றுக்கிழமை காளியப்பன் தூங்கட்டும்

ராஜுவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுத இன்றைக்கு எனக்குப் பொறுமை இல்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்று தெரியும். உங்கள் ஆலையின் சேவைக் குழுச் செயலாளர் என்று கழுத்தில் மாலையும் கையில் மண்வெட்டியுமாக நிற்கிற போட்டோவை அனுப்பியிருந்தாயே, அதில் தீபாவளிக்குப் பார்த்ததைவிடக் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறாய். உங்கப்பா அதைக் கடைக்கு எடுத்துப்போய், துணி எடுக்க வந்தவர்களிடமெல்லாம் காட்டிவிட்டு வந்தார். நானும் காட்டினேன். பால்காரரைக்கூட விடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி இந்தக் கடிதம் முழுக்க உன்னைத் திட்டப்போகிறேன். படித்துவிட்டு மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்துவிடாதே. உன் குழுவில் இருப்பவர்களுக்கும் உரக்கப் படித்துக் காட்டு. எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. வெட்கப்பட வேண்டியது யார் என்று படித்து முடித்தபின் நீங்களே பேசிக்கொள்ளுங்கள்.

நேற்றுக் காலை காளியப்பன் நம் வீட்டுக்கு வந்திருந்தான். உன் பகுதியில் வார்ப்பு வேலை பார்க்கிறானே, அந்தக் காளியப்பன்தான். தோளில் ஒரு சாக்கு. வாசலில் இறக்கி வைத்துவிட்டு, "ராஜு சாரோட அம்மாங்களா? நான் சார்கிட்ட வேலை பாக்கறேங்கம்மா. இது நம்ம காட்டுல வெளஞ்ச கெழங்கு" என்றான். நான் தை மாதத்தில் வருகிற உன் கல்யாணத்துக்குத்தான் இப்போதே கொண்டுவந்துவிட்டான் என்று நினைத்து, "கல்யாணத்துக்கு இன்னும் நாள் கெடக்கேப்பா, அதுக்குள்ள எதுக்கு?" என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவும் இல்லை. காபி கொடுத்தேன், நின்றபடியே குடித்தான். டம்ளரை அவனே கழுவி வைக்கப் போனான். பிடுங்கி வைத்தேன். பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னான். "சார் மேல குத்தம் சொல்ல வரலைங்கம்மா. சார் தங்கமானவரு. இந்த மாசக் கடைசியில எங்களுக்கெல்லாம் வேலை நிரந்தரம் ஆவணும். என்கூட சேந்தவங்க அத்தன பேருக்கும் சார் நல்லபடியா எழுதிட்டாராம். எனக்கு மட்டும் 'ஒத்துழைப்பு போதாது'ன்னு எழுதியிருக்காராம். அப்படி எழுதினா நிறுத்திடுவாங்களாம்மா. நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

வேலையில் ஏதாவது தப்பு செய்தாயா என்று கேட்டேன். "வேலையில ஒண்ணும் இல்லைங்கம்மா. ஞாயித்துக்கிழமை ரோட்டு வேலைக்கு நான் போகலை" என்றான். ஏனப்பா போகவில்லை என்றேன். நீயும் இந்த இடத்தில் என்னைப்போலவே நினைப்பாய், எனக்குத் தெரியும். ஊரில் படுத்த படுக்கையாய் அம்மா இருப்பாள், அல்லது சீக்குப் பிள்ளை இருக்கும், அதைச் சொல்லி அழுவான், நாமும் ஐயோ பாவம் என்று இரங்கலாம் என்று காத்திருந்தேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்: "சனிக்கிழமை வேலை முடிஞ்சதும் பஸ் ஏறி ஊருக்குப் போயிடுவேங்கம்மா. பச்சைமலை அடிவாரம். காலையில தலைக்குக் குளிப்பேன், சாப்பிடுவேன், தூங்குவேன். பொழுது சாய எழுந்து பஸ்ஸுக்கு வந்துடுவேன்." வேறே என்ன செய்வாய் என்று கேட்டேன். "வேற ஒண்ணும் இல்லைங்கம்மா. தூங்கறதுதான்" என்றான்.

அவன் பொய் சொல்லத் தெரியாமல் அப்படிச் சொல்லவில்லை ராஜு. பொய் சொல்லத் தேவையில்லை என்று நினைத்ததால் சொன்னான். ஆறு நாளும் உலைக்குப் பக்கத்தில் வெந்து சாகிறவன் ஏழாவது நாள் தன் வீட்டில் தன் பாயில் தூங்குகிறான். அதற்கு அவன் யாரிடம் காரணம் சொல்ல வேண்டும்? அம்மா படுக்கையில் கிடந்தால்தான் அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை சொந்தமா? எனக்கு வந்த ஆத்திரத்தில் உன்னை அங்கேயே நாலு வார்த்தை திட்டிவிட்டேன். அவன் பயந்துபோய், "சாரைத் திட்டாதீங்கம்மா" என்று என்னைச் சமாதானப்படுத்தினான். அதில் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

நீ என்ன பதில் எழுதுவாய் என்பதை நானே எழுதிவிடுகிறேன், உனக்குத் தபால் செலவு மிச்சம். 'அம்மா, நாங்கள் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்றுதான் நோட்டீஸ் போட்டோம். அந்தக் கிராமத்துப் பிள்ளைகள் முழங்கால் சேற்றில் பள்ளிக்கூடம் போகின்றன. நாங்கள் சிரமதானம் செய்து ரோடு போட்டுக் கொடுத்தால் உனக்கென்ன கஷ்டம்?' இதுதானே? ரோடு வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? பேஷாகப் போடுங்கள். நீ முதல் கூடை மண்ணைத் தூக்கிய அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் ஒன்று கேட்கிறேன். விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்று நோட்டீஸ் போட்டவன், வந்தவர்கள் பெயரை எதற்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் எழுதி வாங்குகிறாய்? எழுதி வாங்கியதை எதற்கு மேலதிகாரி மேஜைக்கு அனுப்புகிறாய்? வராதவன் வேலையைப் பற்றி எழுதும்போது அது எதற்கு உன் பேனாவுக்கு ஞாபகம் வருகிறது? விருப்பமாம் விருப்பம். கழுத்தில் துண்டைப் போட்டு இழுத்துக்கொண்டு, இவர்தான் ஆசையாய் வந்தார் என்று ஊருக்குச் சொல்கிற விருப்பம்.

இதை நான் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்துவிட்டேன். என் கண் முன்னாலேயே ஒரு நல்ல காரியம் இப்படித்தான் நாசமாய்ப் போயிற்று. அதனால்தான் இவ்வளவு எரிச்சல். நீ அப்போது சின்னப் பையன். வைகுண்ட ஏகாதசிக்கு நானும் ஸ்டெல்லா அத்தையும் கொட்டகையில் மைக்கில் பேசுவோம் என்பது மட்டும் உனக்குத் தெரியும். அது எப்படி ஆரம்பித்தது, எப்படி முடிந்தது என்று உனக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்.

ஸ்டெல்லா என்னோடு டெலிபோன் ஆபீசில் ஆபரேட்டராக வேலை பார்த்தவள், பாலக்கரைக்காரி. ஒரு வருஷம் ஏகாதசிக் கூட்டத்தைப் பார்க்க ஆசைப்பட்டு ஸ்ரீரங்கத்துக்கு நம் வீட்டுக்கு வந்திருந்தாள். நீயும் உங்கப்பாவும் உள்ளே சேவிக்கப் போனீர்கள். நாங்கள் வெளியே ரங்கவிலாச மண்டபத்துப் பக்கம் நின்றிருந்தோம். அங்கே ஒரு கீற்றுக் கொட்டகை. காணாமல் போனவர்களை உட்கார வைத்து, யாரோ ஒரு இளைஞர் மைக்கில் கத்திக்கொண்டிருந்தார். கத்தினார் என்றால் அப்படி ஒரு கத்தல். ஒரு எழுத்து புரியவில்லை. ஐந்து நிமிஷம் பொறுத்துப் பார்த்த ஸ்டெல்லா, "அக்கா, இப்படிக் கத்தினா யாருக்கு வெளங்கும்? வாங்க" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். "கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா சார்?" என்று கேட்டு மைக்கை வாங்கினாள். அவரும் தொண்டை போய் நின்றிருந்தவர், கும்பிட்டுக் கொடுத்துவிட்டார். பாலக்கரை ஸ்டெல்லாவின் குரல் அன்று கோபுரம் வரைக்கும் கேட்டது. ஒருத்தரும் நீ எந்தச் சாமியைக் கும்பிடுகிறவள் என்று கேட்கவில்லை. தொலைந்த மாமியாரைத் தேடுகிறவர்களுக்கு அதெல்லாம் எங்கே கண்ணில் படப்போகிறது?

முகம் தெரியாத ஆளிடம் பதறாமல் பேசி, அவருக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடிப்பதுதானே எங்கள் தொழில். ஊர்ப் பெயரை முதலில் சொல்ல வேண்டும், காது திரும்பும். கொஞ்சம் நிறுத்த வேண்டும். பிறகு ஆள் பெயர். பிறகு இன்னொரு தரம், அதே வேகத்தில். அடுத்த வருஷம் இன்னும் நாலைந்து பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். யாரும் கூப்பிடவில்லை. டியூட்டியை ஒருத்திக்கொருத்தி மாற்றிக்கொண்டு, சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு, டவுன் பஸ்ஸில் நெரிசல்பட்டு வந்தார்கள். வர முடியாதவள் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நாங்களும் கேட்கவில்லை. சேவை என்ற வார்த்தையே எங்களிடம் கிடையாது. "ஏகாதசிக்கு வரியாடி?" அவ்வளவுதான்.

அங்கே எங்களுக்கு இருந்த பெரிய சிக்கல் என்ன தெரியுமா? கிராமத்திலிருந்து வருகிற பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். தொலைந்துபோய் அழுதுகொண்டு நிற்பாள், யாரைக் கூப்பிட வேண்டும் என்றால் வாயைப் பொத்திக்கொள்வாள். அதற்கும் ஒரு வழி பழகிக்கொண்டோம். "நீங்க சொல்ல வேணாம். நான் சொல்றேன், நீங்க தலையாட்டுங்க. சாமி பேரா? மயில்ல வர்ற சாமியா, காளை மேல வர்ற சாமியா?" என்று ஸ்டெல்லா ஆரம்பிப்பாள். மயிலென்றால் சண்முகமா, வேலாயுதமா, பழனியா என்று வரிசையாய்ப் போவாள். சரியான பெயர் வந்ததும் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டும், வெட்கமும் சிரிப்புமாய் அழுகையே நின்றுவிடும். சுற்றி நிற்கிறவர்களும் ஆளுக்கொரு பெயர் எடுத்துக் கொடுப்பார்கள். ஒரு தடவை ஒருத்திக்குப் புருஷன் பெயரைக் கண்டுபிடிப்பதற்குள் புருஷனே சிரிப்புச் சத்தம் கேட்டு வந்துவிட்டான். எங்களுக்குச் சம்பளம் இல்லாத அந்த ஒரு நாள், வருஷத்திலேயே எனக்குப் பிடித்த நாளாக இருந்தது.

அப்புறம் எங்கள் ஆபீசுக்குப் புதிதாய் ஒரு பெரிய அதிகாரி வந்தார். கெட்ட மனிதர் இல்லை. உன்னைப்போலத்தான், நல்லது செய்ய வேண்டும் என்று துடிக்கிறவர். நாங்கள் இப்படிச் செய்கிறோம் என்று கேள்விப்பட்டு, எங்களைக் கூப்பிட்டு ரொம்பப் பாராட்டினார். பாராட்டியதோடு விட்டிருக்கலாம். அடுத்த ஏகாதசிக்கு முன்னால் சுற்றறிக்கை வந்தது. பெண் ஊழியர்கள் எல்லாரும் முறை போட்டுக்கொண்டு சேவைக்கு வர வேண்டும். ஆளுக்கொரு மஞ்சள் ரிப்பன், அதில் இலாகாவின் பெயர். வருகைக் கையெழுத்து. வராதவர்கள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். தலைப்பில் மட்டும் 'தன்னார்வத் தொண்டு' என்று போட்டிருந்தது. நாங்கள் அவருக்கு 'ரிப்பன் சார்' என்று பெயர் வைத்துச் சிரித்தோம். அவ்வளவோடு முடியவில்லை. கொட்டகையில் ஒழுங்கு வேண்டும் என்று ஒரு படிவமும் அச்சடித்துவிட்டார். காணாமல் போனவர் பெயர், தேடப்படுபவர் பெயர், ஊர். மூன்றும் நிரம்பினால்தான் மைக்கில் சொல்லலாம். நான் போய்ச் சொன்னேன். "சார், பொம்பளைங்க புருஷன் பேர் சொல்ல மாட்டாங்க, அந்தக் கட்டம் காலியாத்தான் இருக்கும்." அவர் சிரித்துக்கொண்டே, "இதெல்லாம் மாறணும்மா. நாமதான் மாத்தணும்" என்றார். என்னைக் கொட்டகையிலிருந்து எடுத்து, வருகிற பெரிய மனிதர்களுக்குச் சந்தனம் கொடுக்கிற இடத்தில் போட்டார். என் அனுபவத்துக்கு மரியாதையாம்.

ஸ்டெல்லாவுக்கு ராத்திரி முறை போட்டிருந்தார். அன்று காலை கொட்டகையில் விமலா என்று ஒரு பெண். முந்தின ராத்திரி முழுக்க டெலிபோன் போர்டில் உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு, சுற்றறிக்கைக்குப் பயந்து நேராக வந்தவள். கண் இரண்டும் செக்கச்செவேலென்று இருந்தது. அவளைக் குறை சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை. காலையில் அவளிடம் ஒரு இளம்பெண் வந்திருக்கிறாள், செல்லாயி என்று பெயர், பச்சைமலையிலிருந்து. கல்யாணமாகி முதல் வருஷம். புருஷன் வீட்டாரோடு வந்தவள் வடக்கு வாசல் நெரிசலில் பிரிந்துவிட்டாள். விமலா பெயரைக் கேட்டாள், சொன்னாள். ஊரைக் கேட்டாள், சொன்னாள். யாரைக் கூப்பிடணும் என்று கேட்டாள், வாயே திறக்கவில்லை. "சொன்னாத்தான் கூப்பிட முடியும், ஓரமா உக்காரு" என்று விமலா சொல்லிவிட்டாள். அவள் முறை முடிந்ததும் ரிப்பனைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டாள். அடுத்தவள் வந்தாள். அவளும் படிவத்தைப் பார்த்தாள், கட்டம் காலி. அவளும் போனாள். போர்டில் நேரம் முடிந்தால் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்து போவோமே, அந்த மாதிரி. செல்லாயி மட்டும் அந்த ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

சந்தனக் கிண்ணத்தை வீசிவிட்டு நான் அந்தப் பக்கம் போனபோது வெயில் இறங்கிவிட்டது. பார்த்ததும் அவளிடம் ஓடினேன். பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்டெல்லா மாதிரியே ஆரம்பித்தேன். சாமி பேரா? தலையாட்டினாள். மயிலா? இல்லை. காளையா? இல்லை. அப்போது எங்களைத் தாண்டி ஒரு கூட்டம் "ரங்கா! ரங்கா!" என்று கோஷம் போட்டுக்கொண்டு போயிற்று. செல்லாயி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ரங்கசாமியா?" என்றேன். அப்படியே என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். காலையிலிருந்து அந்த ஊர் முழுக்க அவள் புருஷன் பெயரைத்தான் கூவிக்கொண்டிருந்தது ராஜு. சாமி கும்பிட வந்தவள், சாமி பெயரைக்கூட வாய்விட்டுச் சொல்ல முடியாதவள், நாள் முழுக்க அதைக் கேட்டுக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். நான் மைக்கைப் பிடுங்கிக் கூப்பிட்டேன். பச்சைமலை ரங்கசாமி, பச்சைமலை ரங்கசாமி என்று தொண்டை கிழியக் கூப்பிட்டேன். என் தொழில், என் பழக்கம் எல்லாம் மறந்து அந்த முதல் வருஷத்து இளைஞர் மாதிரி கத்தினேன். ஒருத்தரும் வரவில்லை. துறையூர் போகிற கடைசி பஸ் போய்விட்டது என்று யாரோ சொன்னார்கள்.

அன்று அவள் நம் வீட்டில்தான் படுத்தாள். உன் பாயைக் கொடுத்தோம் என்று நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது நினைவிருக்கிறதா? மறுநாள் காலை நானும் உங்கப்பாவும் அவளைக் கூட்டிக்கொண்டு துறையூர் போய், அங்கிருந்து அடிவாரத்துக்கு இன்னொரு பஸ் பிடித்து, அதற்கு மேல் நடந்து போனோம். முந்தின நாள் கூட்டத்தில் அவள் ஊர்ப் பெண்களோடு வந்துவிடுவாள் என்று நினைத்துப் புருஷன் பஸ் ஏறிவிட்டானாம். போனால், அவன் வாசலில் நிற்கிறான், முகத்தில் ஈயாடவில்லை. மாமியார்க்காரி எங்களை வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. "ராத்திரி எங்க இருந்தா?" என்று கேட்டாள். "எங்க வீட்லதாங்க. என் பொண்ணு மாதிரி பாத்துக்கிட்டேன்" என்றேன். "நீங்க யாரு?" என்றாள். என்ன சொல்வேன்? மஞ்சள் ரிப்பனைக் காட்டவா? உங்கப்பா எவ்வளவோ பேசினார், எங்கள் ஊர்ப் பெருமாள் மேல் சத்தியம் செய்தார். கடைசியில் உள்ளே போகவிட்டார்கள். அதற்குப் பிறகு அவளை எப்படி வைத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நேற்று காளியப்பனிடம், அந்த ரங்கசாமி வீட்டைத் தெரியுமா என்றும் கேட்டேன். "பச்சைமலைன்னா ஒரு ஊரா அம்மா? எத்தனையோ ஊரு, எத்தனையோ ரங்கசாமி" என்றான். அதுவும் சரிதான். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

அந்த வருஷத்துச் சேவை மிகச் சிறப்பாக நடந்ததாக ஆபீசில் கூட்டம் போட்டுச் சொன்னார்கள். எல்லாரும் வந்திருந்தார்கள், எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், அவரவர் நேரத்துக்கு ஒரு நிமிஷம் குறையாமல் இருந்தார்கள். நான் எழுந்து செல்லாயியைப் பற்றிச் சொன்னேன். ரிப்பன் சார் உண்மையாகவே வருத்தப்பட்டார். வருத்தப்பட்டு, அடுத்த வருஷம் படிவத்தில் இன்னொரு கட்டம் சேர்க்கலாம் என்றார். நான் உட்கார்ந்துவிட்டேன். அதற்குள் அவருக்கும் வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. சுற்றறிக்கையும் நின்றது. சரி, பீடை விட்டது, இனிமேல் பழையபடி போகலாம் என்று நான் ஒவ்வொருத்தியாய்க் கேட்டேன், "ஏகாதசிக்கு வரியாடி?" ஒருத்தியும் வரவில்லை ராஜு. "போதும்க்கா, பாத்தாச்சு" என்றாள் ஒருத்தி. "விட்டுதுடா சாமின்னு இருக்கேன், திரும்பவுமா?" என்றாள் இன்னொருத்தி. முன்னாலெல்லாம் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு ஓடி வந்தவர்கள்தான் இவர்கள். ஸ்டெல்லாவும் கல்யாணமாகி நாகப்பட்டினம் போய்விட்டாள். நான் தனியாகப் போய் நின்றேன். கொட்டகையில் மறுபடியும் யாரோ ஒருவர் கத்திக்கொண்டிருந்தார்.

கட்டாயப்படுத்தினால் அன்றைக்கு வேலை கெடும், அவ்வளவுதான் என்று நீ நினைக்கலாம். அது மட்டுமென்றால் போகிறது. கட்டாயத்தை எடுத்த பிறகும் ஆசை திரும்பி வருவதில்லை. எனக்கு ஆறாதது அதுதான். உன் குழுவில் இப்போது ஆசையாய் வருகிறவர்கள் நாலு பேராவது இருப்பார்கள். காளியப்பனுக்கு நீ எழுதியதை அவர்களும் கேள்விப்பட்டிருப்பார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் முகத்தைப் பார், ஆசையில் வந்திருக்கிறார்களா, பயத்தில் வந்திருக்கிறார்களா என்று உனக்கே தெரியாது. அவர்களுக்கே தெரியாது. அந்த நாலு பேரையும் சேர்த்துத்தான் நீ கெடுத்து வைத்திருக்கிறாய்.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன், கேட்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. தஞ்சாவூரிலிருந்து ஒரு பெண் இந்த வீட்டுக்கு வரப்போகிறாள். அவளிடமும் இப்படித்தான் நடந்துகொள்வாயா? 'உனக்கு விருப்பமிருந்தால் செய்' என்று வாயால் சொல்லிவிட்டு, செய்யாத அன்றைக்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாயா? அதைவிட 'செய்' என்று நேராகச் சொல்லிவிடு, அவளும் முடியாது என்று நேராகச் சொல்லுவாள், சண்டை போட்டுக்கொண்டு சாப்பிடலாம். உங்கப்பாவும் நானும் அப்படித்தான் இத்தனை வருஷம் ஓட்டினோம். அப்புறம், நீ சேவைக் குழுவில் சேர்ந்ததிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. உன் ஆலை இருக்கிற திருவெறும்பூருக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவில் கடலா இருக்கிறது? உங்கப்பாவுக்கு இப்போதெல்லாம் கண் சரியாகத் தெரியவில்லை. உன் போட்டோவைக் கடைக்கு எடுத்துப் போனாரே, பக்கத்தில் நிற்கிறவரை நீ என்று காட்டியிருக்கிறார். கடைப் பையன் வந்து சொல்லித்தான் எனக்கே தெரியும். இதை உன்னை வரவழைப்பதற்காக எழுதவில்லை. வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன்.

மேலே ஓர் இடத்தில் ஒரு வரியை எழுதி மையால் அடித்திருக்கிறேன், பார்த்திருப்பாய். 'திங்கட்கிழமையே மேனேஜரிடம் போய், எழுதியதைத் திரும்ப வாங்கு' என்று எழுதியிருந்தேன். எழுதிவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது. இத்தனை பக்கம் மூச்சுவிடாமல் கட்டாயத்தைத் திட்டிவிட்டு, கடைசியில் நானும் ஒரு சுற்றறிக்கைதானே அனுப்புகிறேன்? அம்மா சொன்னாளே என்று நீ போய் மாற்றினால் காளியப்பன் பிழைத்துக்கொள்வான், சரி. அடுத்த காளியப்பனுக்கு நான் எங்கே வருவேன்? அதனால்தான் அடித்தேன். மனசில்லாமல்தான் அடித்தேன்.

நேற்று அவன் கிளம்பும்போது, "சார்கிட்ட சொல்லுவீங்களாம்மா?" என்று கேட்டான். எழுதுகிறேன் என்றேன். பேச்சுக்கு எழுதுகிறேன் என்கிறாள் என்று நினைத்தானோ, இல்லை எழுதினாலும் ஒன்றும் நடக்காது என்று நினைத்தானோ, செருப்பைப் போட்டுக்கொண்டவன் மறுபடி கழற்றி வைத்துவிட்டு, வாசற்படிக்குக் கீழே வந்து கைகட்டி நின்றான். "வேணாங்கம்மா. சாருக்கு ஒண்ணும் எழுத வேணாம். வர்ற ஞாயித்துக்கிழமை நான் ரோட்டு வேலைக்கு வந்துடறேன். இனிமே ஊருக்குப் போகலை. ஆசைப்பட்டுத்தான் வந்தேன்னு எழுதிக் குடுக்கச் சொன்னாலும் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடறேன்" என்றான். கிழங்குச் சாக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு போ என்றேன், கேட்கவில்லை. அது இன்னும் அடுப்படி மூலையில் கிடக்கிறது. எனக்கு அதைத் தொட மனசு வரவில்லை.

இந்தக் கடிதம் உனக்குச் சனிக்கிழமை வந்துவிடும். மறுநாள் காலை அவன் மண்வெட்டியோடு உன் முன்னால் வந்து நிற்பான். சிரித்துக்கொண்டு நிற்பான். 'ஆசைப்பட்டு வந்தேன் சார்' என்பான். அவனிடம் கையெழுத்து வாங்குவதா, பஸ்ஸேற்றி ஊருக்கு அனுப்புவதா என்று நான் சொல்ல மாட்டேன்.

அம்மா